எடுத்தலும் வைத்தலும்

 

துறவியர் கடைப்பிடிக்கும் ஐந்து சமிதிகளை இல்லறத்தாரும் அறிவர். பார்த்து நடத்தல், அளந்து பேசுதல், ஆராய்ந்து உண்ணுதல் என்னும் மூன்றையும் அடுத்து நான்காவதாக நிற்பது ஆதான நிக்ஷேபண சமிதி. ஆதானம் என்பது எடுத்தல். நிக்ஷேபணம் என்பது வைத்தல். கமண்டலமாயினும் சாத்திரச் சுவடியாயினும், எடுக்கும்போதும் வைக்கும்போதும் இடத்தை நன்கு நோக்கி, மயிற்பீலியால் மெல்ல நீவி, எவ்வுயிர்க்கும் ஊறு நேராமல் செய்தல் வேண்டும் என்பது அதன் பொருள். அந்நெறி உயிர்களைக் காப்பதற்கென வகுக்கப்பட்டது. எனினும், எடுத்தல், வைத்தல் என்னும் இரண்டு சிறு செயல்களுக்கு இத்துணைக் கவனம் எதற்கு என்று ஐயுறும் இளைஞர் எவரேனும் இருப்பின், அவர் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் நடைபெறும் ஒரு பணியை அறிந்துகொள்வது நன்று. பேருருவச் சிலைகளையும் பழம்பொருள்களையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லும் பணியே அது.

பெரிய சிலையைப் பெயர்த்துச் செல்வது கடினம் என்றால், அதன் எடைதான் காரணம் என்று பலரும் கருதுவர். உண்மை அதுவன்று. துறைமுகங்களிலும் தொழிற்சாலைகளிலும் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள எந்திரங்களைக் கிரேன்கள் நாள்தோறும் தூக்கி வைக்கின்றன. எந்திரத்தில் கீறல் விழுந்தால் செப்பம் செய்யலாம். உடைந்தால் வேறொன்று செய்துகொள்ளலாம். மூவாயிரம் ஆண்டு கடந்த சிலை உடைந்தால் வேறொன்று செய்ய இயலாது. ஒட்டவைத்தாலும் அது ஒட்டவைத்த சிலையே. ஆகவே, எவ்வளவு கனம் என்பது அங்கே இரண்டாவது வினா. இதன் வலுவிழந்த இடம் எது என்பதே முதல் வினா.

இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் 1504ஆம் ஆண்டு நிகழ்ந்ததை முதலில் காண்போம். மைக்கலாஞ்சலோ என்னும் பெருஞ்சிற்பி, ஒரே பளிங்குப் பாறையிலிருந்து தாவீது என்னும் இளைஞனின் உருவத்தைச் செதுக்கி முடித்திருந்தார். உயரம் ஏறத்தாழ 17 அடி. எடை ஐந்து டன்னுக்கும் மேல். தலைமைத் தேவாலயத்தின் பணிக்கூடத்திலிருந்து நகர மன்றத்தின் வாயிலுக்கு அதைக் கொண்டுசெல்ல வேண்டும். தொலைவு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அந்தச் சிறு தொலைவைக் கடக்க நான்கு நாள்கள் ஆயின. நாற்பதுக்கும் மேற்பட்ட ஆடவர் அப்பணியில் ஈடுபட்டனர் என்று அந்நகரத்து மருந்து வணிகர் லூக்கா லாண்டுச்சி தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பணிக்கூடத்தின் வாயில் போதாமையால் அதன் மேற்சுவரை இடித்தே சிலையை வெளிக்கொணர்ந்தனர். முதல் நாள் இரவில் சிலர் சிலையின்மீது கல்லெறிந்தனர். பின்னர் இரவுக் காவல் போடப்பட்டது. வழியெங்கும் கொழுப்பு பூசிய மரச்சட்டங்களைப் பரப்பி, அவற்றின்மேல் மரக்கூண்டை உருட்டிச் சென்றனர்.

இதில் ஊன்றிக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அந்த மரக்கூண்டுக்குள் சிலையை இறுகக் கட்டி நிறுத்தவில்லை. கயிறுகளால் தொங்கவிட்டிருந்தனர். கரடுமுரடான வழியில் கூண்டு குலுங்கும்போது சிலை தன்போக்கில் மெல்ல அசைந்துகொள்ளும். அதிர்வு கல்லுக்குள் இறங்காது. இறுகப் பிடித்தால்தான் பாதுகாப்பு என்று எண்ணுவது மனித இயல்பு. ஆனால் மெலிந்த பொருளைக் காப்பது இறுக்கம் அன்று, இசைவு. இதனை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் கண்டிருந்தனர்.

அத்துணைக் கருத்தோடு கொண்டுவந்தும், அச்சிலையின் கணுக்கால்களில் மயிரிழை போன்ற விரிசல்கள் இருப்பது 19ஆம் நூற்றாண்டில் தெரியவந்தது. திறந்தவெளியில் நின்ற காலத்தில் சிலை சற்றே சாய்ந்திருந்ததால், எடை முழுவதும் மெலிந்த கணுக்கால்களில் நேராக இறங்காமல் ஒருபுறமாக அழுத்தியதே காரணம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். மனித வடிவிலான கற்சிலை அனைத்திற்கும் இந்த இடர்ப்பாடு உண்டு. மேலே மார்பும் தோளும் தலையும் கனக்க, அவ்வளவையும் கீழே இரண்டு கணுக்கால்கள் தாங்க வேண்டும். சிரவணபெளகுளத்தில் 57 அடி உயர்ந்து நிற்கும் பகவான் பாகுபலியைத் தரிசித்தோர் இங்கே ஒன்றை நினைவுகூரலாம். அத்திருவுருவம் தொடைக்கு மேல் எந்தத் துணையுமின்றி நிற்கிறது. கால்களைச் சூழ்ந்தோ புற்றுகள் எழும்பியிருக்கின்றன, கொடிகள் படர்ந்திருக்கின்றன. அவை அசையாத் தவத்தின் அடையாளங்கள். அதே வேளையில், சிற்பத்தின் மிக மெலிந்த இடத்திற்குப் பருத்த கல்லின் வலுவையும் அவை தந்து நிற்கின்றன.

அடுத்து எகிப்து நாட்டிற்குச் செல்வோம். அந்நாட்டை ஆண்ட இரண்டாம் ராம்சேசு மன்னனின் செங்கருங்கல் சிலை ஒன்று, 1820இல் பழைய மெம்பிசு நகரத்தின் அருகே ஆறு துண்டுகளாகக் கிடைத்தது. வயது ஏறத்தாழ 3,200 ஆண்டுகள். உயரம் சுமார் 11 மீட்டர். எடை 83 டன். 1955இல் அதனைக் கெய்ரோ மாநகருக்குக் கொணர்ந்து, துண்டுகளை இணைத்து, தலைமை ரயில் நிலையத்தின் எதிரே உள்ள சதுக்கத்தில் நிறுத்தினர். நகரத்திற்கு வருவோரை வரவேற்கும் பெருமைச் சின்னமாக அது விளங்கியது. ஐம்பது ஆண்டுகளில் நிலைமை மாறிவிட்டது. வண்டிகளின் புகை கல்லில் படிந்தது. ரயில்களும் நகர நெரிசலும் எழுப்பும் அதிர்வு அடித்தளத்தை ஓயாமல் அசைத்தது. பெருமைக்காக நிறுத்திய இடமே அதற்குப் பகையாயிற்று.

எடுத்துச் செல்வதென்று முடிவாயிற்று. எப்படி என்பதில்தான் கருத்து வேறுபட்டது. மீண்டும் துண்டுகளாகப் பிரிக்கலாமா? படுக்க வைத்துக் கொண்டுபோகலாமா? பிரித்தால் பழைய ஒட்டிடங்கள் சிதையும். நெடுங்காலம் நின்ற சிலையைப் படுக்க வைத்தால், இதுவரை அழுத்தம் காணாத இடங்களில் புதிய அழுத்தம் விழும். இறுதியில், நின்ற கோலத்திலேயே முழுதாகக் கொண்டுசெல்லத் துணிந்தனர். சிலையை மெத்தைப் பொருள்களால் போர்த்தி, இரும்புக் கூண்டில் நிறுத்தி, இரண்டு பெரிய டிரெய்லர்களுக்கு இடையே அமைத்த எஃகுப் பாலத்தில் அக்கூண்டைத் தொங்கவிட்டனர். சாலை ஏறினாலும் இறங்கினாலும் சிலை தானே அசைந்து செங்குத்தாக நிற்கும். பிளாரன்ஸ் நகரத்துக் கயிற்றின் நுட்பமே மற்றொரு வடிவில் இங்கே வந்து நின்றது.

அவர்கள் நேரே சிலையை ஏற்றிப் புறப்பட்டுவிடவில்லை. அதே எடையுள்ள மாதிரி ஒன்றைச் செய்து, 2006ஆம் ஆண்டு சூலை மாதத்தில் அதே வழியில் ஓட்டிப் பார்த்தனர். எந்தத் திருப்பம் குறுகலானது, எந்தப் பாலம் தாங்கும், எந்தக் கம்பி தடுக்கும் என்பன அப்போது தெளிந்தன. ஆகஸ்டு 25ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் உண்மைச் சிலை புறப்பட்டது. ஏறத்தாழ பத்து மணி நேரப் பயணம். உறக்கத்தைத் துறந்து ஆயிரக்கணக்கான மக்கள் தெருவோரங்களில் நின்று, தங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரை வழியனுப்புவது போலச் சிலையை வழியனுப்பினர். பின்னர் 2018ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், புதிய பெரும் அருங்காட்சியகத்தின் முகப்பு மண்டபத்திற்குச் சுமார் 400 மீட்டர் தொலைவு சென்று, அச்சிலை தன் இடத்தை அடைந்தது.

கல் அவ்வாறாயின், மரத்தின் நிலை என்ன? அதே எகிப்தில் கூபு மன்னனின் பெரிய பிரமிடை ஒட்டி, 1954ஆம் ஆண்டு கமால் எல் மல்லாக் என்பவர் பாறையில் வெட்டிய நீண்ட குழி ஒன்றைக் கண்டார். சுண்ணாம்புக்கல் பாளங்களால் மூடப்பட்டிருந்த அக்குழிக்குள், பகுதி பகுதியாகப் பிரித்து அடுக்கிய ஒரு மரக்கலம் இருந்தது. லெபனான் நாட்டுத் தேவதாரு மரம். வயது ஏறத்தாழ 4,600 ஆண்டுகள். மொத்தம் 1,224 துண்டுகள். அவற்றை இணைக்கும் பொறுப்பு அகமது யூசுப் என்னும் கைவினைஞரிடம் வந்தது. பழங்காலத்தார் அக்கலத்தில் ஆணியே அறையவில்லை. பலகைகளின் துளைகள் வழியே கயிறு கோத்துக் கட்டியிருந்தனர். எந்தத் துண்டு எதனோடு சேரும் என்று சொல்ல ஒரு நூலும் இல்லை. அகமது யூசுப் நைல் ஆற்றங்கரைப் படகுத் தச்சரிடம் சென்று அவர்கள் தொழிலைக் கற்றார். சிறிய மாதிரிகள் செய்து பார்த்தார். அதன் பின்னரே உண்மைத் துண்டுகளில் கைவைத்தார். கலம் முழு உருப்பெறப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. நீளம் 43 மீட்டர். குழியின் அருகிலேயே கட்டப்பட்ட அருங்காட்சியகத்தில் 1982 முதல் மக்கள் அதனைக் கண்டு வந்தனர்.

மரம் கல்லைப் போன்றதன்று. காற்றில் ஈரம் மிகுந்தால் விரியும், வறண்டால் சுருங்கும். இவ்வாறு விரிந்து சுருங்கிக்கொண்டே இருந்தால் இழைகள் பிளக்கும். காற்று புகாத குழியில் 46 நூற்றாண்டுகள் அமைதியாகக் கிடந்த மரம், வெளியே வந்த சில பத்தாண்டுகளில் வெப்பத்தின் ஏற்றத்தாழ்வையும், பார்வையாளர் மூச்சின் ஈரத்தையும் தாங்க நேர்ந்தது. தட்பவெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் புதிய கூடத்திற்கு அதனை மாற்றியாக வேண்டும். பிரித்துக் கொண்டுசெல்வது எளிது என்று தோன்றும். ஆனால் ஆயிரத்திற்கும் மேற்பட்ட துண்டுகளை மீண்டும் அவிழ்த்து மீண்டும் கட்டுவது, முதிர்ந்த மரத்திற்கு மற்றொரு சோதனையாகும். எனவே முழுக் கலமாகவே எடுப்பதென்று முடிவு செய்தனர்.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அப்பயணம் தொடங்கியது. கலத்தைச் சுற்றி இரும்புக் கூண்டு அமைத்து, பெல்ஜியத்திலிருந்து வரவழைத்த ஊர்தியில் ஏற்றினர். ஓட்டுநர் இருக்கை இல்லாமல் தொலைவிலிருந்து இயக்கப்படும் ஊர்தி அது. மேடு பள்ளத்திற்கேற்பத் தன் சக்கரங்களை உயர்த்தியும் தாழ்த்தியும் மேல்தளத்தைச் சமமாக வைத்திருக்க வல்லது. கடக்க வேண்டிய தொலைவு ஏழரை கிலோமீட்டர். எடுத்துக்கொண்ட நேரம் பத்து மணி. மணிக்கு முக்கால் கிலோமீட்டர். நடை பழகும் குழந்தையும் அதனை முந்திச் செல்லும். மறுநாள் விடியலில் கலம் புதிய இடத்தை அடைந்தது. அவ்வொரு நாள் இரவுக்காகப் பொறியாளர்களும் அறிஞர்களும் பல மாதங்கள் உழைத்திருந்தனர்.

இவ்வாறான பணிகள் அனைத்திலும் பொதுவான ஒரு முறை உண்டு. முதலில், பொருளின் நிலையைப் பதிவு செய்கின்றனர். எங்கே கீறல், எங்கே பழைய ஒட்டு, எங்கே வண்ணம் உதிர்கிறது என்று ஒவ்வொன்றையும் புகைப்படத்துடன் குறித்துவைக்கின்றனர். பயணம் முடிந்ததும் அக்குறிப்பைக் கையில் வைத்தே மீண்டும் சரிபார்க்கின்றனர். அடுத்து, பொருளின் ஈர்ப்பு மையத்தைக் கணக்கிடுகின்றனர். அது தெரியாமல் தூக்கினால் பொருள் ஒருபுறம் சாயும். பின்னர் அதன் வடிவத்திற்கேற்ப நுரைப்பஞ்சில் படுக்கை வெட்டி, பெட்டிக்குள் பெட்டியாக வைக்கின்றனர். பெட்டி புதிய இடத்தை அடைந்தவுடன் ஆவலோடு திறந்துவிடுவதும் இல்லை. உள்ளே உள்ள காற்றும் வெளியே உள்ள காற்றும் ஒத்துவரும்வரை, வழக்கமாக ஒரு நாள், அப்படியே விடுகின்றனர். தூக்கும் வேளையில் கட்டளையிடும் குரல் ஒன்றே. எல்லோரும் அதற்குக் கட்டுப்படுவர். ஆனால் 'நில்' என்னும் ஒரு சொல்லை மட்டும் அங்குள்ள கடைசிப் பணியாளரும் சொல்லலாம். அவர் சொன்னால் அனைவரும் நிற்க வேண்டும். ஏனெனில், ஓர் ஓரத்தில் நிற்பவரின் கண்ணுக்கு மட்டுமே தெரியும் ஆபத்தும் உண்டு.

எல்லாவற்றிற்கும் முன்னால் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு: எடுக்கத்தான் வேண்டுமா? 1939ஆம் ஆண்டு இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்தார் எடுத்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தனர். சாமோத்ரேசு தீவில் கண்டெடுத்த வெற்றித் தேவதையின் சிலை, சிறகு விரித்த நிலையில் அங்கே உயர்ந்த படிக்கட்டின் உச்சியில் நின்றது. அது பல துண்டுகளை இணைத்து உருவாக்கிய சிலை. படிகளின்மேல் மரச்சரிவு அமைத்து, கயிறு பிடித்து, அங்குலம் அங்குலமாக அதனை இறக்கினர். வலான்சே என்னும் ஊரின் மாளிகையில் போர் முடியும்வரை அது பாதுகாப்பாக இருந்தது. அதே போரில் பிளாரன்ஸ் நகரத்தார் வேறு முடிவு எடுத்தனர். அதற்குள் கூடத்திற்குள் மாற்றப்பட்டிருந்த தாவீது சிலையை அவர்கள் அசைக்கவில்லை. அது நின்ற இடத்திலேயே சுற்றிலும் செங்கற்சுவர் எழுப்பி மூடினர். இரண்டு சிலைகளும் பிழைத்தன. ஒன்று எடுத்ததால் பிழைத்தது. மற்றொன்று எடுக்காததால் பிழைத்தது. எடுக்காமல் விடுவதும் காவலில் ஒரு வகை என்பது இதனால் விளங்கும்.

பேருருவங்களை எடுத்துச் சென்ற வரலாறு சமணர்க்குப் புதிதன்று. கார்க்களத்தில் 1432ஆம் ஆண்டு வீரபாண்டியன் நிறுவிய 42 அடி உயரப் பாகுபலி, செதுக்கி முடிந்த பின்னரே குன்றின்மேல் ஏற்றப்பட்டார் என்பது மரபு. அண்மைக் காலத்தில், தருமஸ்தலத்துப் பாகுபலியின் 39 அடித் திருவுருவமும் கார்க்களத்திலேயே ரெஞ்சாள கோபால செணை என்னும் சிற்பியால் வடிக்கப்பெற்றது. நூறு டன்னைக் கடந்த அக்கற்சிலை, 1973ஆம் ஆண்டு, பல சக்கரங்கள் பூண்ட பெரும் வண்டியில் மலைநாட்டுச் சாலை வழியே தருமஸ்தலம் சேர்ந்தது. குன்றின்மேல் நிமிர்த்தி நிறுத்தப்பெற்று, 1982இல் முதல் மகாமஸ்தகாபிஷேகம் கண்டது. சிலை சேர்ந்ததற்கும் அபிஷேகம் நிகழ்ந்ததற்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் சென்றன. பெரிய உருவங்கள் அவசரத்திற்கு இசைவதில்லை.

இனி, இச்செய்திகள் இங்குள்ள குடும்பங்களுக்கு எவ்வாறு பொருந்தும்? எண்பது டன் சிலையை எவரும் வீட்டில் வைத்திருக்கவில்லை. ஆனால் ஊர்தோறும் சினாலயங்கள் உள்ளன. அவற்றில் கல்லும் உலோகமுமாகப் பழந்திருவுருவங்கள் உள்ளன. சில இல்லங்களின் பரணில் பாட்டனார் காலத்து ஓலைச்சுவடிகளும் உள்ளன. திருப்பணி தொடங்கும்போது அவற்றை எடுத்தாக வேண்டிய நிலை வருகிறது. பாறையோடு ஒன்றி நிற்கும் திருமலை நேமிநாதரை எவரும் எடுக்க நினைக்கப்போவதில்லை. எடுக்க இயலும் என்பதாலேயே சிறிய திருவுருவங்களுக்கு ஊறு மிகுதி. வேலைக்கு வந்தவரிடம் "அப்படி ஓரமாக வையுங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், நூற்றாண்டுகளைக் கடந்து வந்த முக்குடை அந்த ஓரத்தில் உடையக்கூடும்.

ஆதலின், கெய்ரோவிலும் பிளாரன்சிலும் கற்ற பாடத்தை இங்கே எளிய முறையில் கைக்கொள்ளலாம். எடுக்கத்தான் வேண்டுமா என்று முதலில் கேட்க வேண்டும். சுற்றிலும் பலகை அடைத்துக் காத்துக்கொள்ள முடியுமாயின் அதுவே நன்று. எடுப்பதாயின், முன்னதாக நாற்புறமும் புகைப்படம் எடுத்து, உள்ள பழுதுகளை எழுதிவைக்க வேண்டும். முக்குடையையோ, பிரபாவலியையோ, சாமரம் ஏந்தியோர் கையையோ பிடித்துத் தூக்கலாகாது. பீடத்தின் அடியில் கைகொடுத்தே தூக்க வேண்டும். தூக்கும் முன்பே வைக்கும் இடம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். கனத்தைக் கையில் ஏந்திக்கொண்டு இடம் தேடலாகாது. ஓலைச்சுவடியைக் கயிற்றைப் பிடித்துத் தூக்காமல், மேலும் கீழும் பலகை கொடுத்துக் கிடைநிலையில் எடுக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட ஓலைகளை விரலால் பிரிக்காமல், அறிந்தோரிடம் ஒப்படைக்க வேண்டும். பணி நடக்கும்போது, அங்கு நிற்கும் சிறுவன் 'நில்லுங்கள்' என்றாலும் நிற்க வேண்டும்.

மயிற்பீலியால் நீவிவிட்டுக் கமண்டலத்தைத் தரையில் வைக்கும் துறவியை, இனித் தரிசிக்கும்போது இளைஞர்கள் சற்று நின்று நோக்கட்டும். அவர் காப்பது கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரை. நள்ளிரவில் சிலையோடு நடந்த பொறியாளர் காத்தது மூவாயிரம் ஆண்டுக் கல்லை. காக்கும் பொருள் வேறு, கவனம் ஒன்றே. எடுக்கும் முன் ஒரு கணம் நிற்பதும், வைக்கும் முன் ஒரு முறை பார்ப்பதும் எவருக்கும் அரியனவல்ல. முன்னோர் காத்துத் தந்தவை பழுதின்றி அடுத்த கைக்குச் சேர அவ்வளவே போதும்.